இருட்டுக்கு எவ்வளவு கொடுப்பது?

(திருகோணமலை மாவட்டம் ஈச்சிலம்பற்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குறைந்த வெளிச்சத்தில் கறுப்பு வெள்ளைப் பிலிமில் படமெடுப்பது பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். இந்த ஊரில் பேச இதைவிடப் பொருத்தமான விடயம் எனக்குத் தோன்றவில்லை. வெருகலாற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாழும் எங்கள் சனத்துக்கு முக்கியமானவை பலவும் பொழுதுபட்ட பிறகுதான் நடக்கின்றன. வைகாசியில் கண்ணகை அம்மன் குளிர்த்திச் சடங்கு இரவில். ஆவணியில் வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயில் திருவிழாக் கூட்டம் நிறைவது இரவில். கூத்தென்றால் விடிய விடிய. கடலுக்குப் போகிறவர்களுக்கும் பாதித் தொழில் இரவில்தான். இவற்றைப் படமெடுத்தவர்கள் பெரும்பாலும் பிளாஷ் அடித்து எடுத்தார்கள், இல்லையென்றால் எடுக்காமலே விட்டார்கள்.

பிளாஷோடு எனக்குப் பகையில்லை. கல்யாண வீட்டில் அது வேண்டும். ஆனால் பந்த வெளிச்சத்தில் ஆடுகிற ஒருவர்மேல் பிளாஷ் அடித்தால் அந்தப் பந்தத்தின் ஒளி படத்தில் இல்லாமற்போய்விடுகிறது. முகம் வெளிறிப்போகிறது. பின்னால் பாயில் இருந்து பார்க்கும் சனம் மொத்தமாக மறைந்துபோகிறது. அந்த இரவு எப்படி இருந்தது என்பதற்கு அந்தப் படம் சாட்சி சொல்லாது. குளிர்த்தி பாடிக்கொண்டிருக்கும்போது பூசை செய்யும் கட்டாடியாரின் கண்ணுக்கு நேரே வெளிச்சத்தை வெட்டுவது மரியாதையும் அல்ல. அம்மன் வாசலில் நிற்கிறோம் என்ற நினைப்பு கமரா வைத்திருப்பவருக்கும் இருக்கவேண்டும்.

ஆகவே, இருக்கிற வெளிச்சத்திலேயே எடுக்கவேண்டும். அதற்குக் கறுப்பு வெள்ளைப் பிலிமில் ஒரு வழி உண்டு. புகைப்படக்காரர்கள் அதைப் 'புஷ் பண்ணுவது' என்பார்கள். பெட்டியில் 400 என்று போட்டிருக்கிற பிலிமை 1600 என்று வைத்துக்கொண்டு படமெடுப்பது. அதனால் நாலில் ஒரு பங்கு வெளிச்சமே பிலிமில் விழும். அந்தக் குறையை ஈடுசெய்ய டெவலப்பரில் கூடுதல் நேரம் வைத்துக் கழுவுவது. செய்முறை இவ்வளவுதான்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். நல்ல பெற்றோமக்ஸ் விளக்கிலிருந்து பத்தடி தள்ளி ஒருவர் நிற்கிறார். 400 பிலிம், எஃப் 2 வரை திறக்கும் லென்ஸ். வெளிச்சமானி ஏறத்தாழ 1/15 செக்கன் என்று சொல்லும். சும்மா நிற்கிற ஆளை மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்துவிடலாம். ஆடுகிற ஆளை எடுக்க முடியாது. கை எது, கால் எது என்று தெரியாத படம் வரும். அதே பிலிமை 1600 என்று வைத்தால் 1/60 செக்கன் கிடைக்கும். சுழன்று ஆடும்போது அதுவும் போதாது. ஆனால் கூத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு நிறுத்தம் உண்டு. தாளம் தீர்ந்து கால் ஊன்றி முகம் நிமிரும் அந்த இடத்துக்கு 1/60 போதும். மத்தளத்தைக் காது கொடுத்துக் கேட்கிற ஒருவருக்கு அந்த இடம் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரியும். வெளியூரிலிருந்து விலை கூடிய கமராவோடு வருபவருக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

குப்பி விளக்கென்றால் கணக்கு வேறு. அதன் ஒளி மிகச் சிறியது. ஆனால் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: விளக்குக்கும் முகத்துக்கும் உள்ள தூரம் பாதியானால் முகத்தில் விழும் ஒளி நாலு மடங்காகும். இரண்டடியில் இருக்கும் அம்மம்மாவை "இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்கோ" என்று ஓரடிக்கு அழைத்துவிட்டால், 400 பிலிமை 1600க்குப் புஷ் பண்ணியதற்குச் சமமான ஒளி கிடைத்துவிட்டது. செலவு எதுவும் இல்லை, இழப்பும் இல்லை. ஆளை அசைக்க முடிகிற இடத்தில் முதலில் ஆளை அசையுங்கள். அசைக்கவே கூடாத இடத்துக்கு, அதாவது கோயிலுக்கும் கூத்துக் களரிக்கும், புஷ் பண்ணுவதை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, இந்த முறையைப் பற்றி எங்கும் பரவியிருக்கிற ஒரு தப்பான நம்பிக்கையைச் சொல்லவேண்டும். புஷ் பண்ணினால் பிலிமின் வேகம் கூடிவிடும் என்று நினைக்கிறார்கள். கூடாது. பிலிமில் உள்ளது ஜெலட்டினில் பதித்த வெள்ளி உப்புப் படிகங்கள். ஒளி பட்ட படிகத்தில் ஒரு சில வெள்ளி அணுக்கள், ஏறத்தாழ நான்கு, ஓரிடத்தில் சேர்ந்தால்தான் டெவலப்பர் அந்தப் படிகத்தைக் கண்டுபிடித்து முழு வெள்ளியாக மாற்றும். இருட்டான மூலையிலிருந்து அந்த நான்கு அணுக்களுக்குப் போதுமான ஒளி வரவில்லையென்றால் அங்கே பதிவு எதுவும் இல்லை. விதை விழாத வரம்போரத்தில் எவ்வளவு தண்ணீர் பாய்ச்சினாலும் நெல் முளைக்காது. கூடுதல் நேரம் கழுவும்போது நடப்பது என்னவென்றால், ஓரளவாவது ஒளி பட்ட இடங்கள், அதாவது முகம், வெள்ளை வேட்டி, விளக்கின் சுற்றுவட்டம், அவை மட்டும் மேலே மேலே ஏறுகின்றன. நிழல் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. அதனால் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே உள்ள தூரம் கூடுகிறது, படத்தில் வெள்ளி மணி பருக்கிறது, பிலிம் முழுவதும் ஒரு மெல்லிய மூட்டமும் ஏறுகிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விடயம் இல்லை. இங்கிலாந்தில் ஃபேர்டினண்ட் ஹேர்ட்டர், வீரோ டிரிஃபீல்ட் என்ற இரண்டு பேர் 1890இலேயே ஒளியையும் கழுவும் நேரத்தையும் அளந்து வளைகோடு வரைந்து காட்டிவிட்டார்கள். நேரம் கூடினால் அந்தக் கோடு செங்குத்தாகும்; அதன் அடி, அதாவது நிழல் பகுதி, பெரிதாக நகராது. பிறகு வந்த நல்ல டெவலப்பர்கள், இல்ஃபோர்ட் கம்பனியின் மைக்ரோஃபென் போன்றவை, அந்த அடியைக் கொஞ்சம் நகர்த்துகின்றன. அந்தக் கொஞ்சம் ஒரு ஸ்டொப்புக்கும், அதாவது ஒளி இரட்டிப்பாகும் ஒரு படிக்கும், குறைவு. 3200 என்று பெயர் போட்டு விற்கிற இல்ஃபோர்ட் டெல்டா பிலிமின் உண்மையான வேகம் 1000 என்று அதைச் செய்கிற கம்பனியே தன் குறிப்பில் எழுதியிருக்கிறது. மிச்சமெல்லாம் கழுவுவதில் வருவது.

அப்படியென்றால் இதைச் செய்து என்ன பயன் என்று கேட்பீர்கள். இரவு என்பதே இருட்டு உள்ள நேரம். படத்தில் எல்லாம் தெரியவேண்டும் என்ற ஆசையை விட்டால் போதும். எது தெரியவேண்டும், எது கறுப்பாகப் போகலாம் என்று ஷட்டரை அழுத்துவதற்கு முன்னமே முடிவு செய்யவேண்டும். கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் முகம் வேண்டும், அவருடைய முதுகு கறுக்கட்டும். சல்லரி பிடித்த கை வேண்டும், பின்னால் உள்ள மரம் போகட்டும். அந்த முடிவை எடுத்தவருக்குப் புஷ் பண்ணுவது பெரிய துணை. எடுக்காதவருக்கு அது அழுக்கான நெகட்டிவைத்தான் கொடுக்கும். நான் இங்கே வந்து சொல்ல நினைத்த முக்கியமான விடயம் இதுதான்.

இதை உலகத்துக்கே எடுத்துக்காட்டிய ஒரு சம்பவம் உண்டு. 1959இல் பாரிசில் ழான் லுக் கொடார்ட் தன்னுடைய முதல் முழுநீளப் படத்தை எடுத்தார். 1960இல் வெளிவந்த 'மூச்சுத் திணற' என்று பொருள்படும் பெயருள்ள படம். ஒளிப்பதிவாளர் ரவுல் கூத்தார், இந்தோசீனாவில் யுத்தகாலப் புகைப்படக்காரராக வேலை செய்தவர். அறைக்குள்ளும் தெருவிலும் மேலதிக விளக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அப்போது சினிமாவுக்கென்று விற்ற பிலிம்கள் அந்த வெளிச்சத்துக்குப் போதாதவை. இல்ஃபோர்ட்டின் எச்.பி.எஸ். பிலிம் போதும், ஆனால் அது புகைப்படக் கமராவுக்கானது. பதினேழரை மீற்றர் சுருளாகத்தான் கிடைத்தது. கூத்தார் அந்தத் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டிச் சினிமாக் கமராவில் ஏற்றினார். 400 பிலிமை 800 என்று வைத்து எடுத்து, அதற்கென்று தனியாகக் கலந்த டெவலப்பரில் கழுவித் தரும்படி ஆய்வகத்தை இணங்க வைத்தார்கள். பொழுது சாயும் நேரம் பாரிஸ் வீதியில் தெருவிளக்குகள் ஒளிரும் காட்சி அந்தப் படத்தில் இருக்கிறது. மணி தெரிகிறது, கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதைக் குறையென்று சொல்பவர் அரிது.

பாரிஸ் தூரம். எங்கள் பக்கத்தில் ஒருவர் இருந்தார். மட்டக்களப்பு அமிர்தகழியில் 1939இல் பிறந்த பாலு மகேந்திரா. வெருகலாற்றைத் தாண்டித் தெற்கே போனால் வருகிற ஊர். புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து 1969இல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். அவர் இயக்கிய முதற்படமான 'கோகிலா' 1977இல் வந்த கன்னடப் படம், கறுப்பு வெள்ளை. அதன் ஒளிப்பதிவுக்கு இந்திய தேசிய விருது கிடைத்தது. எல்லோரும் வர்ணத்துக்கு மாறி வெகுகாலமான பிறகு, 1989இல், 'சந்தியா ராகம்' படத்தை மறுபடியும் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அந்தப் படத்தை ஒளிக்காக மட்டும் ஒருமுறை பாருங்கள். சன்னலால் வருகிற வெளிச்சம் எவ்வளவோ அவ்வளவுதான். சொக்கலிங்க பாகவதரின் முகத்தில் ஒரு பக்கம் ஒளியில் இருக்கும். மறுபக்கத்தை நிரப்ப இன்னொரு விளக்கைத் தேடி அவர் ஓடவில்லை. கிழக்கு மாகாணத்து வீடுகளில் திண்ணையிலிருந்து உள்ளே பார்த்து வளர்ந்த கண் அது என்று நான் நம்புகிறேன். வெயிலில் நின்று வீட்டுக்குள் பார்க்கிறபோது முதலில் இருட்டுத்தான் தெரியும், பிறகு ஆள் தெரியும். எங்கள் பிள்ளைகள் அவரைத் தமிழ்நாட்டு இயக்குநர் என்று மட்டும் அறிந்திருப்பது எனக்கு வருத்தம்.

சரி, கழுவும் வேலைக்கு வருகிறேன். அதில்தான் இந்த ஊருக்கென்று சில சிக்கல்களும் சில வசதிகளும் உண்டு.

இல்ஃபோர்ட் எச்.பி.5 பிளஸ் பிலிமை மைக்ரோஃபென் டெவலப்பரில், தண்ணீர் கலக்காமல், 20 பாகையில் கழுவுவதற்குக் கம்பனி கொடுக்கிற நேரம் இது: 400க்கு ஆறரை நிமிடம், 800க்கு எட்டு, 1600க்குப் பதினொன்று, 3200க்குப் பதினாறு. ஆனால் 20 பாகைத் தண்ணீர் திருகோணமலை மாவட்டத்தில் எந்தக் கிணற்றிலும் வராது. எங்கள் தண்ணீர் 28 பாகைக்குக் கிட்ட நிற்கும். ஒவ்வொரு பாகை ஏறும்போதும் கழுவும் நேரம் பத்தில் ஒரு பங்களவு குறையும். ஆறரை நிமிடம் மூன்று நிமிடமாகச் சுருங்கிவிடும். ஐந்து நிமிடத்துக்குக் குறைவாகக் கழுவினால் பிலிம் முழுவதும் ஒரே சீராக ஏறாது. வானத்தில் கோடு விழும். இங்கே புஷ் பண்ணுவது எங்களுக்கு உதவுகிறது. 3200க்குரிய பதினாறு நிமிடம் 26 பாகையிலும் எட்டு நிமிடத்துக்கு மேல் நிற்கும். குளிர்நாட்டுக்காரருக்குச் சலிப்பைத் தருகிற நீண்ட நேரம், வெயில் நாட்டில் கழுவுகிறவருக்குக் கைகொடுக்கிறது.

முடிந்தால் 24 பாகைக்கு இறக்குங்கள். மீன் வாடியில் ஐஸ் கிடைக்கும். ஐஸை டெவலப்பருக்குள் போடவேண்டாம், கலவை நீர்த்துவிடும். ஒரு பேசினில் தண்ணீரும் ஐஸும் போட்டு, போத்தல்களை அதற்குள் நிறுத்துங்கள். ஐஸ் இல்லாத நாளில் மண்பானைத் தண்ணீர் இரண்டு மூன்று பாகை குறைவாக இருக்கும். டெவலப்பரும், படத்தை நிலைப்படுத்தும் ஹைப்போவும், கழுவும் தண்ணீரும் ஒரே வெப்பத்தில் இருக்கவேண்டும் என்பது மிக முக்கியம். குளிர்ந்த டெவலப்பரிலிருந்து எடுத்துச் சூடான தண்ணீரில் போட்டால், மேலே பூசியிருக்கிற ஜெலட்டின் சுருக்கம் விழுந்து வெடித்துப்போகலாம். பிறகு அதைத் திருத்த வழியில்லை.

பிலிம் கழுவும் டாங்கியைக் குலுக்குவதிலும் கவனம் வேண்டும். அதிகம் குலுக்கினால் வெளிச்சமான இடங்கள் இன்னும் ஏறும். கூத்துப் படத்தில் இது பெரிய ஆபத்து. வடமோடிக் கரப்புடுப்பிலும் முடியிலும் பதித்த கண்ணாடித் துண்டுகள் விளக்கொளியில் மின்னும். அவை ஏற்கெனவே பிலிமில் உச்சத்தில் இருப்பவை. நிமிடத்துக்கு ஒருமுறை, பத்துச் செக்கன், மெதுவாகப் புரட்டினால் போதும். படம் அச்சிடும்போது மென்மையான தரக் கடதாசியைத் தெரிவு செய்யுங்கள். புஷ் பண்ணிய நெகட்டிவுக்கு கறுப்பு வெள்ளை முரண் ஏற்கெனவே போதுமான அளவு உண்டு.

ஒரு றோல் முழுவதையும் ஒரே வேகத்தில் எடுக்கவேண்டும் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. 36 படமும் ஒரே டாங்கிக்குள் ஒரே நேரம்தான் இருக்கப்போகின்றன. பகலில் தீர்த்தக்கரையில் பத்துப் படம் 400இல் எடுத்துவிட்டு, இரவில் மிச்சத்தை 1600இல் எடுத்தால், இரண்டில் ஒன்று கெடும். இரவுக்கென்று ஒரு றோலைத் தனியாக வைத்து, எடுத்து முடிந்தவுடன் பேனையால் அதன்மேல் 1600 என்று எழுதுங்கள். கழுவிக் கொடுப்பவருக்கு வேறு எப்படித் தெரியும்?

வெளிச்சத்தை அளக்கும்போது சட்டத்துக்குள் விளக்கு இருந்தால் வெளிச்சமானி ஏமாந்துபோகும். முகத்துக்குக் கிட்டப் போய் முகத்தை மட்டும் அளந்துவிட்டுப் பின்வாங்குங்கள். மண்ணெண்ணெய் விளக்கின் ஒளி சிவப்பு கூடியது, கறுப்பு வெள்ளைப் பிலிம் அதற்குப் பகலொளிக்கு இருப்பதைவிடக் கொஞ்சம் மந்தம். ஆகவே ஒரு படி தாராளமாக ஒளி கொடுப்பது நல்லது. இன்னொன்று, எங்கள் அந்திப்பொழுது மிகக் குறுகியது. சூரியன் மறைந்து இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் வானத்தில் வெளிச்சம் இருக்கும். அதற்குள் எடுக்க நினைப்பதை எடுத்துவிட வேண்டும்.

பிலிம் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். கொழும்பில் கிடைக்கும், இல்லாவிட்டால் கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற மாமா, சித்தி யாராவது வரும்போது கொண்டுவருவார்கள். அவர்களிடம் ஒன்று சொல்லுங்கள்: பிலிமைப் பெரிய பயணப்பெட்டியில் போடவேண்டாம். அந்தப் பெட்டியைச் சோதிக்கும் எக்ஸ்ரே பிலிமைக் கெடுத்துவிடும். புஷ் பண்ணும்போது அந்தக் கேடும் சேர்ந்து பெரிதாகும். கைப்பையில் கொண்டுவந்து, கையால் சோதிக்கும்படி கேட்கவேண்டும்.

கைத்தொலைபேசி இருக்க இவ்வளவு பாடு எதற்கு என்று இளையவர்கள் நினைக்கலாம். கைத்தொலைபேசி இருட்டில் நன்றாக எடுக்கிறது, நான் மறுக்கவில்லை. ஒரே நேரத்தில் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்து இருட்டை வெளிச்சமாக்கிவிடுகிறது. எனக்கு அதில்தான் குறை. அந்த இரவில் எங்கள் கண்ணுக்குத் தெரியாத மூலையெல்லாம் அதில் தெரிகிறது. சரியாக ஹைப்போவில் போட்டு, சரியாகக் கழுவி, ஈரம்படாமல் வைத்த வெள்ளி நெகட்டிவ் நெடுங்காலம் நிற்கும். மின்சாரம் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பேரப்பிள்ளைக்கும் தெரியும்.

இதை வேறு ஓர் ஊரில் சொல்லியிருந்தால் இவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க மாட்டேன். 2004 டிசம்பர் 26 சுனாமியாகக் கடல் வந்தது. 2006இல் யுத்தத்தால் ஈச்சிலம்பற்றுச் சனம் உடுத்த உடுப்போடு வாகரைப் பக்கம் ஓடியது. திரும்பி வந்தபோது பல வீடுகளில் ஓர் அல்பம்கூட மிஞ்சவில்லை. தகப்பனின் முகத்தை அடையாள அட்டைப் படத்தில் மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இந்தப் பிரதேசத்தில் இருக்கிறார்கள். இந்த நாட்டின் மிகப்பெரிய புகைப்படக் கலைஞர் என்று போற்றப்படுகிற லயனல் வென்ட் 1944இல் இறந்தபிறகு அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. மிஞ்சியவை அவர் அச்சிட்டுவைத்த படங்கள் மட்டும். கொழும்பில் வசதியோடு வாழ்ந்த ஒருவருக்கே அந்த நிலைமையென்றால் எங்கள் ஊர் ஸ்டூடியோக்காரர்களின் நெகட்டிவ்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகையால் உங்களிடம் இரண்டு விடயம் கேட்கிறேன். யாருடைய வீட்டிலாவது பழைய நெகட்டிவ் துண்டுகள் பிஸ்கட் ரின்னுக்குள்ளோ, சாமி படத்துக்குப் பின்னாலோ கிடந்தால் எறியாதீர்கள். கடதாசி உறையில் போட்டு, படத்தில் இருப்பவர் பெயரைத் தெரிந்த பெரியவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். அடுத்தது, வருகிற வைகாசிக்கும் ஆவணிக்கும் இங்கே இருக்கிற இளையவர்களில் நாலைந்து பேராவது சேர்ந்து ஆளுக்கொரு றோல் பிலிம் வாங்குங்கள். பிளாஷைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, கட்டாடியாரிடமும் அண்ணாவியாரிடமும் முதலில் அனுமதி கேட்டு, 1600இல் எடுங்கள். கழுவிய நெகட்டிவின் உறையில் ஊர், திகதி, ஆடியவர் பெயர், பாடியவர் பெயர் எல்லாவற்றையும் எழுதி, அச்சிட்ட படத்தில் ஒரு பிரதியை அவருக்குக் கொடுத்து, இன்னொன்றைப் பாடசாலை நூலகத்தில் வையுங்கள். கழுவுவதற்கு உதவி வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன்.